பச்சைத் தூளும் நம் வீட்டுத் தேநீரும்



கொழும்பில் படிக்கும் மகள் விடுமுறைக்காகத் தோட்டவெளிப் பக்கமுள்ள தன் வீட்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பையைத் திறந்து ஒரு சின்னஞ்சிறு பேணியை எடுத்து மேசையில் வைக்கிறாள். "உம்மா, இதுதான் மாச்சா. இதைக் குடித்தால் முகம் பளபளக்குமாம்" என்கிறாள். "மச்சானா? யாருடைய மச்சான்?" என்று உம்மும்மா கேட்க, வீடே சிரிக்கிறது. சிரிப்பு அடங்கியதும் வாப்பா விலையைக் கேட்கிறார். மகள் மெல்லச் சொல்கிறாள். வாப்பாவின் புருவம் உயர்கிறது.

இந்தக் காட்சி இன்று பல வீடுகளில் நடக்கிறது. அந்தப் பேணிக்குள் இருப்பது என்ன? அது நம் உடலுக்கும் தோலுக்கும் உண்மையில் என்ன செய்யும்? காசைக் கொடுக்கும் முன் நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மாச்சா என்பது என்ன?

மாச்சா வேறொரு மூலிகையல்ல. நம் அடுப்படியில் இருக்கும் தேயிலையும் மாச்சாவும் ஒரே இனச் செடியிலிருந்து வருபவைதாம். பறித்த இலையை நசுக்கிக் காற்றில் கறுக்கவிட்டு உலர்த்தினால் அது கறுப்புத் தேயிலை. கறுக்க விடாமல் உடனே சூடுகாட்டி உலர்த்தினால் அது பச்சைத் தேயிலை. ஜப்பானியர் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பறிப்பதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே செடிகளுக்கு மேல் பந்தலிட்டு வெயிலை மறைக்கிறார்கள். நிழலில் வளரும் இலை கரும்பச்சையாகிறது. துவர்ப்பு குறைந்து இதமான சுவை கூடுகிறது. அந்த இலையை ஆவியில் காட்டி, உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கி, நம் உம்மும்மாமாரின் திரிகையைப் போன்ற கல்லில் மெல்ல மெல்ல அரைக்கிறார்கள். ஒரு கல்லில் ஒரு மணி நேரம் அரைத்தாலும் 40 கிராம் அளவுதான் கிடைக்கும். விலை ஏன் ஏறுகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? உலகெங்கும் ஆசை பெருகியதால், 2024இல் ஜப்பானின் பழைய தேயிலை நிறுவனங்கள் சில ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளவு கட்டி விற்க வேண்டியதாயிற்று.

சாதாரணத் தேநீரில் சாயத்தை வடித்துக் குடிக்கிறோம், சக்கையை எறிந்துவிடுகிறோம். மாச்சாவில் இலை முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. அதன் பலனும் பாதிப்பும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

மன்னார் வழியே வந்த தேயிலை

மன்னார்த் தீவின் மணலில் தேயிலை விளையாது. ஆனாலும் தேயிலையின் கதையில் இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். தாகத்தாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பின்னர் நோயால் கோப்பி அழிய, தேயிலை மலைநாடெங்கும் பரவியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் அதனோடு இணைந்த புகையிரதமும் ஓடத் தொடங்கியபின், மலைக்குப் போன கைகள் இந்தத் தோட்டவெளி வழியாகத்தான் போயின. நாம் பருகும் ஒவ்வொரு கோப்பையிலும் அவர்களின் வியர்வை இருக்கிறது.

தோலுக்கு நல்லதுதானா?

பச்சைத் தேயிலையில் 'கெட்டச்சின்' என்ற பொருட்கள் உள்ளன. வெயிலும் புகையும் தோலுக்குச் செய்யும் கேட்டை இவை ஓரளவு தடுக்கக்கூடும் என்பது விஞ்ஞானிகளின் எண்ணம். ஜெர்மனியில் 60 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. கெட்டச்சின் மிகுந்த பானத்தை 12 வாரம் தினமும் குடித்தவர்களுக்கு, புற ஊதாக் கதிர் பட்டு ஏற்படும் தோற்சிவப்பு 25 வீதம் குறைந்தது. ஆனால் 2015இல் பிரித்தானியாவில் 50 பேரிடம் செய்த ஆய்வில் அத்தகைய பலன் தெரியவில்லை. தேயிலைச் சத்தில் செய்த ஒரு களிம்பை, ஒருவகை மருவுக்குப் பூசும் மருந்தாக அமெரிக்கா 2006இல் ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் அது மருத்துவர் தரும் மருந்து. கோப்பையில் கலக்கும் தூள் அல்ல.

ஆகவே, மாச்சா தோலுக்குச் சிறிது துணை செய்யலாம், அதிசயம் செய்யாது. கறுப்பை வெள்ளையாக்கவே ஆக்காது. அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். அல்லாஹ் தந்த நிறத்தில் குறையேதும் இல்லை. தயிரில் குழைத்து முகத்தில் பூச விரும்பினால், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். மன்னாரின் உச்சிவெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் நிழலும், தாராளமாகத் தண்ணீர் குடிப்பதும், குளித்தபின் கொஞ்சம் எண்ணெய் தடவுவதும் எந்தத் தூளுக்கும் முந்திய வைத்தியம்.

சோறுண்ட கையோடு தேநீரா?

சகோதரிகளே, முக்கியமான செய்திக்கு வருகிறேன். முகம் வெளிறி, முடி கொட்டி, படியேறினால் மூச்சு வாங்குகிறதா? இரத்தச்சோகை காரணமாக இருக்கலாம். மாதவிலக்காலும் பிள்ளைப்பேற்றாலும் பெண்களுக்கே இது அதிகம். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க விடாமல் தடுக்கிறது. கறுப்பானாலும் பச்சையானாலும் மாச்சாவானாலும் இதே கதைதான். முகப்பொலிவுக்காக மாச்சா வாங்கி, அதைச் சாப்பாட்டோடு குடித்தால் என்ன ஆகும்? பொலிவைத் தேடிப் போய் வெளிறலைத் தேடிக்கொண்டதாக ஆகிவிடும்!

வழி எளிது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் குடியுங்கள். முருங்கை இலைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழியுங்கள். அந்தப் புளிப்பு இரும்புச் சத்து உடலில் சேர உதவும். கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை ஒருபோதும் தேநீரோடு விழுங்காதீர்கள். சோர்வு நீடித்தால் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

சீனியின் கணக்கையும் பாருங்கள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துத் தேக்கரண்டி. ஏறக்குறைய 50 கிராம்! உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்ச அளவே ஏறத்தாழ அதுதான். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. பனங்கட்டியும் இந்தக் கணக்கில் சேரும்.

மாச்சா கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள்

* அரைத் தேக்கரண்டித் தூளைச் சிறு அரிதட்டில் சலித்துக் கோப்பையில் இடுங்கள்.

* கொதித்த நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும்.

* மூங்கில் துடைப்பம் தேவையில்லை. முட்டை அடிக்கும் கருவியால் நுரைக்க அடித்தால் போதும்.

* நல்ல தூள் பளிச்சென்ற பச்சையாக இருக்கும். மஞ்சளித்தது பழையது. காற்றுப் புகாத பேணியில், குளிரில் வையுங்கள்.

* பொதியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். சில கலவைகளில் முதலிடம் சீனிக்கும் பால்மாவுக்குமே!

கவனம் தேவைப்படுவோர்

மாச்சாவிலும் கஃபீன் உண்டு. கர்ப்பிணிகள் தேநீர், கோப்பி எல்லாம் சேர்த்து நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் கொள்ளாதிருப்பது நல்லது. தேநீர், மாச்சா எதுவானாலும் இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளலாம். தூக்கம் குறைந்தவர்கள் அஸருக்குப் பின் தவிர்க்கலாம். பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் விழுங்காதீர்கள். அளவு மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கலாம். ரமழானுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தேநீரைப் படிப்படியாகக் குறைத்தால், முதல் நோன்புகளில் வரும் தலைவலியும் குறையும்.

அந்த மகளின் பேணிக்குத் திரும்புவோம். ஆசையாக வாங்கி வந்திருக்கிறாள்; எறிய வேண்டாம். மாலையில் முற்றத்தில் அமர்ந்து ஆளுக்குச் சிறு கோப்பையாகச் சுவைத்துப் பாருங்கள். பிடித்தால் எப்போதாவது குடியுங்கள். தீர்ந்தபின் மறுபேணிக்குக் காசு தேடி அலைய வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே பச்சைத் தேயிலை செய்கிறார்கள். அதுவும் இல்லையென்றால், சீனி குறைத்த வெறுந்தேநீர் போதும், உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. மிச்சமாகும் காசுக்கு வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு மீனும் முட்டையும் பழமும் வாங்கிக் கொடுங்கள். முகத்தின் ஒளி அங்கிருந்துதான் வரும்.