கை தவறினால் ஆள் தப்பாது! மெடிக்கல் ஷாப்பில் தொழில் பழகும் பையன்கள்

சென்னை—

ஆபீஸ் விட்டு வரும் வழியில் மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கிறீர்கள். சீட்டை நீட்டுகிறீர்கள். "சீக்கிரம் குடுப்பா, பஸ் போயிடும்" என்று விரட்டுகிறீர்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பையன் சீட்டைப் பார்க்கிறான், ரேக்கைப் பார்க்கிறான், நாலு அட்டைகளை எடுத்துப் போட்டு பில் அடிக்கிறான்.

இதில் என்ன பிரமாத வேலை? மளிகைக் கடையில் பருப்பு எடுத்துக் கொடுப்பது மாதிரிதானே?

அதுதான் இல்லை!

பருப்பு மாறினால் சாம்பார் கெடும். மாத்திரை மாறினால் ஆளே கெட்டுப் போவார். இந்த வித்தியாசத்தை ஒரு பையனுக்குப் புரிய வைக்க எத்தனை நாள் ஆகிறது? புரசைவாக்கம், மாம்பலம் பக்கம் சில கடைகளில் விசாரித்தோம். எல்லோரும் தாராளமாகப் பேசினார்கள். "பேரை மட்டும் போட்டுடாதீங்க சார்" என்பதுதான் நிபந்தனை.

தூசு தட்டும் படலம்

புதுப் பையன் கையில் முதலில் வருவது சீட்டு அல்ல, துணி! ரேக்கைத் துடைக்க வேண்டும். "பிளஸ் டூ படிச்சுட்டு தூசி தட்டவா வந்தோம்" என்று பையனுக்கு முகம் சுண்டிப் போகும். ஆனால் துடைக்கத் துடைக்கத்தான் எது எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகும். சில கடைகளில் ஆங்கில எழுத்து வரிசை. சில கடைகளில் கம்பெனி வாரியாக. சொட்டு மருந்து, களிம்பு, டானிக் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தட்டு.

துடைக்கும்போதே காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். சீக்கிரம் முடியப் போவது முன்னால், புதிய சரக்கு பின்னால். அட்டையில் மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை விற்கலாம் என்று அர்த்தம். மறுநாள் காலை அது ரேக்கில் இருக்கக் கூடாது. தனிப் பெட்டியில் போட்டு ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்ப வேண்டும்.

அட்டையை வெட்டுவதில் கூட ஒரு முறை இருக்கிறது ஐயா! "ரெண்டு மாத்திரை மட்டும் குடு" என்று கேட்பவர்கள்தான் நம்மூரில் அதிகம். கத்தரியை எடுத்துக் கண்டபடி வெட்டினால் பேட்ச் நம்பரும் தேதியும் போய்விடும். அப்புறம் மிச்ச மாத்திரை எந்தக் காலத்துச் சரக்கு என்று யாருக்குத் தெரியும்? திருப்பிப் பார்த்து, எழுத்து இல்லாத பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும்.

பேட்ச் நம்பரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? 2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் இறந்தார்கள். டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷப்பொருள் அந்த மருந்தில் 48.6 சதவீதம் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. அப்படி உத்தரவு வரும் நாளில், கடையில் உள்ள பாட்டில்களைப் பேட்ச் பார்த்துப் பொறுக்கி ஓரம் கட்டுவது இந்தப் பையன்கள்தான். இதே விஷத்தால் 1972-ல் சென்னையிலேயே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பழைய பார்மசிஸ்டுகள் இன்றும் அதைச் சொல்லித்தான் பையன்களை மிரட்டுகிறார்கள்.

டாக்டர் எழுத்து கோழிக் கிறுக்கல்

அடுத்தது சீட்டு படிக்கும் பாடம். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இது சுலபம். பழைய டாக்டர்கள் இப்படி எழுத மாட்டார்கள். ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை. பி.டி. இரண்டு வேளை. டி.டி.எஸ். மூன்று வேளை. ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின். எல்லாம் லத்தீன் பாஷை!

இதைப் பத்து நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். எழுத்தைப் படிப்பதுதான் சிரமம்.

இங்கிலாந்தில் 1980-களில் நடந்த வழக்கு ஒன்று உலகம் முழுக்க மருந்துக் கடைக்காரர்களுக்குப் பாடமாக இருக்கிறது. நெஞ்சில் சளி கட்டிய ஒருவருக்கு டாக்டர் 'அமாக்சில்' என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். கடையில் அதை 'டயோனில்' என்று படித்துவிட்டார்கள். டயோனில் சர்க்கரை நோய் மாத்திரை! சர்க்கரையே இல்லாத மனிதர் மூன்று வேளையும் அதை விழுங்கினார். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது.

"டாக்டர் கிறுக்கினால் நாங்கள் என்ன செய்வது?" என்றது கடைத் தரப்பு. கோர்ட் ஏற்கவில்லை. டயோனிலை இந்த அளவில் இப்படி மூன்று வேளை எழுதுவது வழக்கமில்லையே, அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அந்த நாட்டில் சர்க்கரை நோயாளிக்கு மருந்து இலவசம். இவர் காசு கொடுத்தார். அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? என்று கேட்டது. கடைசியில் நஷ்ட ஈட்டில் டாக்டர் தலையில் விழுந்தது 25 சதவீதம். கடைத் தரப்பின் தலையில் 75 சதவீதம்!

நம் நாட்டிலும் இந்தத் தலைவலி உண்டு. மலேரியாவுக்கு 'பால்சிகோ', 'பால்சிடாப்' என்று இரண்டு பிராண்டுகள். உள்ளே இருப்பது வெவ்வேறு மருந்து. சுப்ரீம் கோர்ட் வரை போன அந்த வழக்கில், பெயர்க் குழப்பம் என்று வந்தால் மற்ற சாமான்களைவிட மருந்துக்குக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று 2001-ல் தீர்ப்பு வந்தது.

புரியாவிட்டால் என்ன செய்வது? "டாக்டருக்குப் போன் போடு, இல்லேன்னா ஆளைத் திருப்பி அனுப்பு. ஊகம் மட்டும் கூடாது" என்றார் ஒரு பெரியவர். ஆனால் கியூவில் நிற்பவர் முறைக்கிறாரே! அதற்காகவே சில பையன்கள் ஊகித்துத் தொலைக்கிறார்கள் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

நாலு மடங்கு!

பெயர் சரியாக இருந்தால் போதாது, நம்பரும் சரியாக இருக்க வேண்டும். தைராய்டு மாத்திரையில் 25, 50, 100 என்று பல அளவு. பாட்டில் எல்லாம் ஒரே ஜாடை.

பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடி வருகிறார்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிக்கு 25. இரண்டுக்கும் நாலு மடங்கு வித்தியாசம்! சீட்டில் சிரப் என்றிருக்க சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தால், தாய் அதே அளவை ஊற்றிக் கொடுப்பாள். குழந்தையின் ஈரல் தாங்குமா?

ஆன்டிபயாடிக் பவுடர் பாட்டில் இன்னொரு வம்பு. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வாயால் சொல்லிக் காட்டிக் கொடுக்காவிட்டால் சிலர் சுடுதண்ணீரை ஊற்றுவார்கள், சிலர் பவுடரை ஸ்பூனில் அள்ளிக் கொடுப்பார்கள்.

எல்லாவற்றையும்விட பார்மசிஸ்டுகள் பயப்படும் மாத்திரை ஒன்று உண்டு. பெயர் மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் கொடுப்பது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே போட வேண்டும். தினம் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. "எந்தக் கிழமைன்னு கவர் மேல தமிழ்ல எழுதி, ரெண்டு தடவை வாயால சொல்லு" என்று பையன்களுக்கு உத்தரவு.

பிரிட்ஜில் தயிர் வைக்காதே!

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்து போனால் மறுபடி இளக வைத்துப் பயனில்லை, குப்பைதான். ஆகவே ஐஸ் பெட்டியை ஒட்டி வைக்காதே, கதவிலும் வைக்காதே, உன் தயிர்சாதத்தை உள்ளே நுழைக்காதே! கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதே. வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுது. சித்திரை வெயிலில் வீட்டுக்கு எடுத்துப் போகிறவருக்கு ஐஸ் பை வைத்துக் கொடு.

பூட்டும் நோட்டும்

அட்டையில் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கு அடையாளம். இவை 'ஹெச்' அட்டவணை மருந்துகள். வீரியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, சில தூக்க மாத்திரைகளுக்காக 2014 மார்ச் முதல் 'ஹெச்-1' என்று தனி அட்டவணை வந்தது. அதை விற்றால் டாக்டர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி நோட்டில் ஏற வேண்டும். நோட்டு மூன்று வருஷம் கடையில் இருக்க வேண்டும். 'எக்ஸ்' அட்டவணை மருந்துக்குப் பூட்டும் சாவியும். சீட்டும் இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடை வைத்துக்கொள்ளும்.

இந்த மருந்துகளில் டாக்டர் எழுதிய பிராண்டை மாற்றி வேறு கொடுக்கவும் விதி இடம் தரவில்லை. "அதே மருந்துதான் சார், கம்பெனி வேற" என்ற பேச்சு நம் காதில் எத்தனை தடவை விழுந்திருக்கிறது!

சட்டம் இப்படி. தெரு எப்படி? "அண்ணே, ராத்திரி தூக்கமே இல்ல, ஏதாவது குடுங்க", "போன தடவை குடுத்த அந்த மஞ்ச மாத்திரை ரெண்டு குடு தம்பி" என்று வந்து நிற்கிறார்கள். இல்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைத்துவிடுகிறது. நேர்மையாக இருக்கும் கடைக்காரருக்கு வியாபாரம் போகிறது. மருந்து ஆய்வாளர்கள் இதை அடிக்கடி மாறுவேடத்தில் வந்து பார்த்தால் தேவலை.

கையெழுத்து யாருடையது?

இவ்வளவும் கற்றுக்கொண்ட பையன் தானாகச் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாமா? கூடாது. 1948-ம் வருஷத்து பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவின்படி பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் கொடுக்க வேண்டும். பையன் எடுத்து வைக்கலாம். சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது அவர். சுவரில் சர்டிபிகேட் மட்டும் தொங்கி, ஆள் வேறு எங்கோ இருக்கும் கடைகளும் ஊரில் இல்லாமல் இல்லை!

பையன் பார்மசிஸ்ட் ஆக வழி உண்டு. பிளஸ் டூவில் சயன்ஸ் எடுத்திருந்தால் இரண்டு வருஷ டிப்ளமோ. அதோடு குறைந்தது 500 மணி நேரப் பயிற்சி. 2022-ல் வந்த விதிப்படி டிப்ளமோ முடித்தாலும் தனியாக ஒரு தேர்வில் பாஸ் செய்ய வேண்டும். சட்டம் வந்த புதிதில் அனுபவம் உள்ளவர்களையும் பதிவு செய்தார்கள். அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது.

மாம்பலம் கடையில் ஒருவரைப் பார்த்தோம். இருபது வருஷ சர்வீஸ். அட்டையின் ஓரத்தைப் பார்த்தே மருந்தைச் சொல்கிறார். டிப்ளமோ முடித்து வந்த பையன்களுக்கே அவர்தான் ரேக்கைக் காட்டிக் கொடுக்கிறார். ஆனால் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். இந்த ஜன்மத்தில் பில்லில் கையெழுத்துப் போட முடியாது. சம்பளமும் அந்தப் பையன்களைவிடக் குறைவு.

"வருத்தம் இல்லையா?" என்றோம். சீட்டு ஒன்றைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "என் பையனை சயன்ஸ் குரூப்ல சேர்த்துட்டேன் சார். இருங்க... இது ஐஞ்சா, ஐம்பதா?"

பார்மசிஸ்டிடம் சீட்டை நீட்டினார். அவர் போனை எடுத்தார்.