உங்களுக்குத் தெரியுமா? மெரினாவின் மணல் பின்னாளில் சேர்ந்தது!

சென்னை மெரினாவில் காலாற நடக்கும்போது பாதம் புதையும் அந்த அகன்ற மணல்வெளி ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட அலைகள் இன்றைய காமராஜர் சாலைக்கு வெகு அருகில் புரண்டன. வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் எழும்பின. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டு, மெரினாவில் சேர்ந்துகொண்டே வந்தது. அந்த மணல் வந்து சேராததால் ராயபுரமும் அதற்கு வடக்கே உள்ள குப்பங்களும் கரையை இழந்தன. மெரினாவின் அழகை மெச்சும் நாம் அந்த மீனவர்களின் இழப்பையும் நினைக்கத்தான் வேண்டும். 1884-இல் இங்கே நடைபாதை அமைத்து, ‘மெரினா’ என்று பெயர் சூட்டியவர் ஆளுநர் கிராண்ட் டஃப்.

மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வண்டியில் கடக்காதீர்கள், இறங்கி நின்று பாருங்கள். பாறையைப் பெயர்க்கும் நால்வரின் ஒவ்வொரு தசையும் முறுக்கேறி நிற்கிறது! வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சற்றுத் தெற்கே உள்ள காந்தி சிலையும் அவர் கைவண்ணமே.

இவ்விரண்டுக்கும் இடையே, சாலையின் மறுபுறம் இருப்பது விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கிடங்கு அது. ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற பெயர் அப்பகுதிக்கு இன்றும் வழங்குகிறது.