தவளைத் தோலில் ஒரு கேடயம்

தவளையின் தோல் எப்போதும் ஈரமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் காக்கச் செதிலும் இல்லை, மயிரும் இல்லை. அது வாழும் நீரிலோ எண்ணற்ற பாக்டீரியாக்கள்! அப்படியிருந்தும் தவளையின் காயம் சீழ் பிடிக்காமல் ஆறுவது எப்படி?

அமெரிக்க நாட்டின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் சாஸ்லாஃப் என்பவருக்கு இந்த ஐயம் எழுந்தது. ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்க நகத்தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுத்துவிட்டு, தையலிட்டு, அவற்றை மீண்டும் தொட்டியில் விடுவது வழக்கம். தொட்டி நீர் தூய்மையானதன்று. ஆயினும் புண்கள் நன்கு ஆறின. தவளைத் தோலை ஆராய்ந்த அவர், பாக்டீரியாவைக் கொல்லும் இரண்டு பெப்டைடுகளை அதில் கண்டறிந்து 1987-இல் வெளியிட்டார். கேடயம் எனப் பொருள்படும் ஹீப்ரூச் சொல்லைக் கொண்டு அவற்றுக்கு 'மகைனின்' என்று பெயரிட்டார்.

பெப்டைடு என்பது யாது? அமினோ அமிலங்களை மணிகளாகக் கொண்ட நீண்ட மாலையே புரதம். சில மணிகளே கொண்ட சிறு சரம் பெப்டைடு. மகைனின் சரத்தில் 23 மணிகள் உள்ளன. நம் உடலிலும் இத்தகைய காவலர்கள் உண்டு. வெள்ளை அணுக்களில் உள்ள 'டிஃபென்சின்' அவற்றுள் ஒன்று.

பெனிசிலின் வேலை செய்யும் முறை வேறு. பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் ஒரு நொதியை, பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பற்றி, அது முடக்குகிறது. பாக்டீரியா பூட்டை மாற்றிக்கொண்டாலும், சாவியை உடைக்கக் கற்றுக்கொண்டாலும் மருந்து பயனற்றுப் போகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945-இல் நோபல் பரிசு உரையில் இவ்வாபத்தை எச்சரித்தார்.

பெப்டைடின் போர்முறை பள்ளியில் நாம் படித்த மின்னியல்தான். வேறின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று கவரும் அல்லவா? பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது; மகைனின் நேர்மின்னூட்டம் உடையது. எனவே அது பாக்டீரியாவின்மீது ஒட்டிக்கொள்கிறது. நம் செல்களின் வெளிப்புறம் பெரும்பாலும் மின்னூட்டமற்றது. ஆகவே அவை தப்புகின்றன.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். மகைனின் சரம் சுருள்போல வளையும்போது, அதன் ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் எண்ணெய்ப் பசையையும் நாடுகிறது. சோப்பின் தன்மையும் இதுவே. கொழுப்பாலான செல் சவ்வுக்குள் அது புகுந்து துளையிடுகிறது. சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. அதன் இருபுறமும் சுமார் 0.1 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டு. துளை விழுந்ததும், குறுக்குச் சுற்று ஏற்பட்ட மின்கலம்போல் அது சரிகிறது, பாக்டீரியா மடிகிறது.

பூட்டை மாற்றுவது எளிது; மேற்பரப்பு முழுவதையும் மாற்றுவது கடினம். அதனால்தான் இவற்றின்மீது இவ்வளவு நம்பிக்கை.

ஆனால் தடைகளும் உள. வாய்வழி உட்கொண்டால், உணவுப் புரதத்தைப் போலவே இவையும் செரித்துப் போகக்கூடும். அளவு மிகுந்தால் நம் செல்களையும் தாக்கலாம். தயாரிப்புச் செலவும் அதிகம். மகைனினை மாற்றியமைத்து உருவாக்கிய 'பெக்சிகனான்' என்னும் மருந்து, நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்ணுக்காகச் சோதிக்கப்பட்டது. 1999-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி மறுத்துவிட்டது.

கடினமானது இயலாததும் அன்று. மண் பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் 'கொலிஸ்டின்' என்பதும் நேர்மின்னூட்டமுள்ள பெப்டைடு மருந்தே. பிற மருந்துகள் கைவிட்டபின் மருத்துவர்கள் நாடும் கடைசி ஆயுதங்களுள் அது ஒன்று. அதையே பன்றி, கோழித் தீவனத்தில் கலந்து கொடுத்து வந்தார்கள். 2015-இல் சீனாவில் ஒரு புதிய மரபணு கண்டறியப்பட்டது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டத்தைக் குறைத்து, கொலிஸ்டின் ஒட்டாதபடி செய்வதே அதன் வேலை! ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கும் அது தாவக்கூடியது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது.

தவளை தன் கேடயத்தைக் காயம்பட்டபோது பயன்படுத்துகிறது. நாமோ சாதாரணச் சளிக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்கிறோம். சளியை உண்டாக்குவது பெரும்பாலும் வைரஸ். அதன்மீது அம்மாத்திரைக்கு வேலையே இல்லை. புதிய மருந்து எதுவாயினும், அது எத்தனை காலம் நிலைக்கும் என்பது நாம் அதைக் கையாளும் முறையைப் பொறுத்தது.