களஞ்சியமும் கூலியும்

வன்னியம்பட்டியில் பருத்தி பயிரிடும் நண்பரொருவர், “விளைச்சல் பெருகினால் பஞ்சம் தீராதோ?” என்று நம்மை வினவினார். தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) அவருக்கு நினைவூட்டினோம். சென்னை ராஜதானியில் ஜனங்கள் லக்ஷக்கணக்கில் மடிகையிலும் தானியம் கப்பலேறிற்று. 1877-ல் ஸர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும் போதுமென்று விதித்தார். சிக்கனமாம்! 1943-ல் வங்காளத்திலும் அரிசி அற்றுப்போகவில்லை. விலை ஏறிய வேகத்தில் கிராமக் கூலியாளின் வரும்படி ஏறவில்லை. இதனை அமர்த்தியா ஸென் 1981-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆகவே களஞ்சியத்தை மட்டும் அளந்து க்ஷேமத்தைக் கணித்தல் தகாது என்றோம்.

நண்பர் யோசித்தார். “வக்கீல் ஐயா, பருத்தியைத் தின்ன முடியாது, அரிசியை நானும் விலைக்கே வாங்குகிறேன். பருத்தி விலை விழுந்தால் என் கதி?”