நந்தனாருக்கு ஒரு முதலாளி

மேல்நாட்டில் 'ஓபரா' என்று ஒரு நாடகம் உண்டு. கதை முழுவதையும் பாட்டாகவே பாடுவார்கள். பெரும்பாலும் பாட்டை ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் மெட்டுப் போடுவார். நம்ம தமிழில் இரண்டையும் ஒரே ஆளாகச் செய்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். (சுப்பிரமணிய பாரதியார் இல்லீங்க, இவர் அவருக்கு முந்தியவர்.) மாயவரம் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். அவர் எழுதியது 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'. 1860களின் தொடக்கத்தில் அதை அச்சுப் போட உதவியவர் யார் தெரியுமா? நம்ம காரைக்காலில் பிரெஞ்சுக் கலெக்டராக இருந்த சீசையா என்ற துரை!

நந்தனார் கதை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்திலேயே இருக்கிறது. ஆதனூரில் பிறந்த நந்தனார் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பார். ஆனால் குலத்தைக் காட்டி அவரைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். சிதம்பரத்துக்கு "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர்.

இந்தக் கதையை அப்படியே பாடினால் நாடகம் ஆகாது. ஏனென்றால் நந்தனாரைப் போகவிடாமல் தடுப்பவர் என்று தனியாக ஒரு ஆள் அதில் கிடையாது. சண்டை போட ஆள் இல்லாமல் நாடகமா? அதனால் கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு வேதியரைப் புதிதாகக் கொண்டு வந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர். நந்தன் அவரிடம் பண்ணையாள். லீவு கேட்டால் திட்டுகிறார். கடைசியில், 40 வேலி நிலத்திலும் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர். அப்படியானால் கிட்டத்தட்ட 260 ஏக்கர்! விடிந்து பார்த்தால் எல்லாம் விளைந்து நிற்கிறது. சேக்கிழாரில் இது எதுவும் இல்லை. ஆனால் இன்றைக்கு நந்தனார் கதை என்றாலே எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

கீர்த்தனை மட்டும் இல்லாமல் நொண்டிச் சிந்து போன்ற ஜனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளையும் சேர்த்தார். மெட்டில் உட்காருகிற மாதிரி பேச்சு வார்த்தைகளையே போட்டார். இங்கேதான் வம்பு வந்தது. பெரிய புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் (இப்போது அணிந்துரை என்கிறோமே, அது) கேட்டார். இலக்கணப் பிழை இருக்கிறது, சேக்கிழார் சொல்லாததும் இருக்கிறது என்று பிள்ளை கொடுக்கவில்லை. நமக்குத் தமிழ் பரீட்சையில் மார்க் குறைக்கிற மாதிரிதான். பாரதியார் விடவில்லை, பல நாள் நடந்தார். ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, இவர் திண்ணையில் உட்கார்ந்து தன் பாட்டையே பாடினாராம். கேட்டுக் கேட்டுப் பிள்ளை உருகிப் போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளையின் மாணவரும், பாரதியாரிடம் சங்கீதம் கற்றவருமான உ.வே. சாமிநாதையர் இதை எழுதி வைத்திருக்கிறார். படித்தபோது பிழையாகத் தெரிந்தது, கேட்டபோது தெரியவில்லை. பாட்டுக்காக எழுதினதைக் காதால்தானே திருத்திப் பார்க்கணும்?

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு மாற்றியவர் முடிவை மாற்றவில்லை. சேக்கிழாரில் போலவே இதிலும் நந்தனார் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் உள்ளே போகிறார். திட்டின வேதியர் ஏன் இறங்கவில்லை?

1935ல் இது சினிமாவாக வந்தபோது நந்தனாராக நடித்தது கே.பி. சுந்தராம்பாள், ஒரு பெண்!

வேதியர் நந்தனைத் திட்டுகிற பாட்டு ரொம்பப் பிரபலம். 1908 முதல் 1918 வரை நம்ம புதுச்சேரியில் இருந்த சுப்பிரமணிய பாரதியார் அதன் மெட்டையே எடுத்து, வெள்ளைக்காரன் ஒருவன் சுதந்திரம் கேட்கிற இந்தியரைத் திட்டுவதாக ஒரு பாட்டு எழுதினார். வேதியர் இடத்தில் வெள்ளைக்காரன், நந்தன் இடத்தில் நாம் எல்லாரும். பழைய மெட்டு தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.