கொடை மைக்கும் கணினி மைக்கும்

வீட்டுக் கணினிக்கு ஒலிவாங்கி, அதாவது பேச்சு வழக்கில் மைக், வாங்க முற்படுவோர் விலையையும் தோற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனரே தவிர, அது எந்த அறையில், வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கப்போகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மணிமுத்தாறு போன்ற மலையடிவார ஊரில் இந்தக் கேள்வியே முதன்மையானது. சிமெண்டுத் தரையும் பூசிய சுவர்களும் கொண்ட, கம்பளமோ கனத்த திரைச்சீலையோ இல்லாத அறையில் பேசிய சொல் சுவரில் பட்டு மீண்டும் வந்து மைக்கில் விழும். சாரல் காலத்துக் காற்று சன்னலைத் தட்டும். கோடையிலோ மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேச எவருக்கும் மனம் வராது.

மைக்குகளில் பெருவழக்காக உள்ளவை இரண்டு வகை. மெல்லிய சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே அசைந்து மின்னோட்டத்தை உண்டாக்குவது டைனமிக் மைக்; கோயில் கொடைக்கு மைக் செட்காரர் மேடையில் நிறுத்துவது பெரும்பாலும் இதுவே. மிக அருகில் வரும் ஒலியையே இது வலுவாக ஏற்பதால், மேளச் சத்தத்துக்கு நடுவிலும் பாடுபவரின் குரல் தனித்துக் கேட்கிறது. மற்றது கண்டன்சர் மைக். மின்னேற்றம் பெற்ற இரு தகடுகளுக்கு இடையிலான தூரம் ஒலியால் மாறுவதை இது மின்குறிப்பாக்குகிறது. அமெரிக்காவில் ஈ. சி. வென்டே 1916-இல் உருவாக்கிய இவ்வகைக்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் தேவைப்பட்டது. இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதற்கு 48 வோல்ட் அளிக்கப்படுகிறது. மின்னேற்றத்தை நிலையாகத் தாங்கும் எலக்ட்ரெட் படலத்தைக் கொண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் 1962-இல் செய்த மைக்கே பின்னர் மலிந்து, சட்டைக் காலரில் மாட்டும் சிறு மைக் வரை வந்து சேர்ந்தது.

கண்டன்சர் நுட்பமானது என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நுட்பம் தெருநாயின் குரைப்பையும் மின்விசிறியின் இரைச்சலையும் அதே அக்கறையோடு பதிந்துவிடும். மேலும், ஈரக்காற்றில் அதன் தகடுகள் கரகரக்கக்கூடும் என்பதால், மழைமாதங்களில் அதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்கவேண்டியிருக்கும்.

தூரத்தின் கணக்கு எளியது. ஒரு முழத் தொலைவில் இருக்கும் மைக்கை ஒரு சாண் தொலைவுக்குக் கொண்டுவந்தால் குரலின் ஒலியழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும். அறையின் எதிரொலியும் விசிறியின் இரைச்சலும் கூடுவதில்லை. எந்த விலையுயர்ந்த கருவியாலும் இவ்வளவு எளிதில் பெற முடியாத ஆதாயம் இது.

அருகில் வைத்தால் மூச்சு மைக்கில் மோதும் என்ற அச்சம் உண்டு. தொல்காப்பியப் பிறப்பியல் இதழ்களால் பிறப்பதாகக் கூறும் பகரம் இவ்விடத்தில் கவனத்துக்குரியது. ஆங்கிலச் சொற்களின் தொடக்கத்தில் அவ்வொலியோடு மூச்சுக் காற்றும் வெடித்து வெளிப்படும். தமிழில் அத்தகைய மூச்சு இல்லை. ஆகவே, மைக்கை நேர்முன்னே வைக்காமல் கன்னத்தோரம் சற்று விலக்கி, ஒரு பஞ்சு உறையும் மாட்டினால் தமிழ் பேசுவோருக்குப் பெரும்பாலும் போதும்.

புளூடூத் காதணிக் கருவியின் மைக் பதிவுக்கு ஏற்றதன்று. பழைய முறையில் அது நொடிக்கு 8,000 மாதிரிகளே எடுப்பதால் 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி முழுவதும் போய்விடுகிறது. சொல்முதல் சகரத்தின் சீறல் பெரிதும் அதற்கு மேலேதான் உள்ளது. அடுத்து வந்த முறையில் 16,000 மாதிரிகள் என்றாலும் கம்பி வழி வரும் தெளிவு கிட்டுவதில்லை. கம்பியிலும், கணினியின் சிறு துளையில் செருகுவதைவிட யுஎஸ்பி வகை மேல். ஒலியை எண்ணாக்கும் சுற்று மைக்குக்குள்ளேயே இருப்பதால் கணினியின் உள்ளிரைச்சல் கலப்பது குறைகிறது. எர்த் இல்லாத பிளக்கில் மடிக்கணினியைப் போட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் ஏறக்கூடும் என்பதால், பதியும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுவது நன்று.

ஆக, மணிமுத்தாற்று வீடொன்றில் ஒருவர் மட்டும் பேசிப் பதிய யுஎஸ்பி டைனமிக் மைக்கோ, சில நூறு ரூபாய்க் காலர் மைக்கோ ஏற்றது. வில்லுப்பாட்டுக் குழு முழுவதையும் ஒரே மைக்கில் பதிய விரும்புவோருக்கே ஒலிப்பதிவுக் கூட வகைக் கண்டன்சர் வேண்டும். வாங்குமுன் கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, விசிறி ஓடும்போது ஒருமுறையும் நின்றபின் ஒருமுறையும் பதிந்து கேட்டுப் பாருங்கள். இரண்டாவது பதிவு போதுமான தெளிவோடு இருந்தால் புதிய மைக் தேவையில்லை.