மரம் வில்லாகும் விதம்

வில் என்றதும் வளைந்த கோல் ஒன்று நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது. ஆனால் வில் செய்பவன் கையில் எடுப்பது நேரான கட்டை. நாண் ஏறிய பின்னரே அதற்கு வளைவு வருகிறது. நாணை இறக்கினால் நல்ல வில் மறுபடியும் ஏறக்குறைய நேராகிவிட வேண்டும். அங்ஙனம் ஆகாமல் வளைந்தபடியே நின்றுவிட்ட வில், தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்த வில்லேயாகும்.

இப்பேச்சுக்கு இங்கிலாந்தின் நெடுவில்லை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. துருக்கியரும் மொகலாயரும் கையாண்ட வில் கொம்பும் மரமும் நரம்பும் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டது. நெடுவில்லின் உடலோ ஒரே மரத்துண்டு. ஆகையால் மரத்தின் இயல்பையும் செய்பவனுடைய அறிவையும் அதில் மறைவின்றிக் காணலாம்.

1346இல் கிரெஸியிலும் 1415இல் அஜின்கோரிலும் பிரெஞ்சுப் படைகளை நிலைகுலையச் செய்த ஆயுதம் இதுவே. ஆயினும் அக்காலத்து விற்கள் எத்துணை வலியன என்பது நெடுநாள்வரை ஊகமாகவே இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னரின் மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல் 1545ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் போர்ட்ஸ்மத்துக்கு அருகே மூழ்கியது. கடலடியில் எஞ்சிய அதன் உடற்பகுதி 1982இல் மேலே தூக்கப்பட்டது. அக்கப்பலிலிருந்து முழுமையான நெடுவிற்கள் மட்டும் 137 கிடைத்தன. அவற்றின் நீளம் ஆறடிக்கு மேல், ஏழடிக்குள். அதே அளவில் புதிதாகச் செய்து இழுத்துப் பார்த்தும் கணக்கிட்டும் ஆராய்ந்தவர்கள், அவற்றை முழுதும் இழுக்க 100 முதல் 185 இராத்தல் வரை விசை வேண்டியிருந்திருக்கும் என்று கண்டனர். இன்றைய பன்னாட்டுப் போட்டிகளில் ஆடவர் ஏந்தும் வில்லின் இழுவிசை ஐம்பது இராத்தலை ஒட்டியதே.

இவ்விற்கள் யூ என்னும் மரத்தால் ஆனவை. நம் நாட்டில் முதிர்ந்த ஒருவரின் உடலுறுதியைப் புகழும்போது 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோம். மரத்தின் நடுவிலுள்ள நிறமேறிய பகுதியே வைரம். அதனைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதியை உளுத்துப்போகும் என்று தச்சர் சீவி எறிந்துவிடுவர். கதவுக்கும் நிலைக்கும் அது சரியே; யூ மர வில்லுக்கு அந்தத் தீர்ப்பு செல்லாது.

பச்சைக் கிளை ஒன்றை முழங்காலில் வைத்து முறித்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் நார் இழுபட்டுக் கிழியும். உட்புறத்தில் நசுங்கி மடியும். வில்லும் இவ்விரு துன்பங்களையும் ஒரே நேரத்தில் தாங்குகிறது. எய்பவனுக்கு எதிர்ப்புறமாக, இலக்கை நோக்கியிருக்கும் பக்கத்தை வில்லின் முதுகு என்பர். அவன் முகத்தை நோக்கியிருப்பது வயிறு. முதுகு இழுபடுகிறது, வயிறு நெருக்குண்கிறது. யூ மரத்தின் வெள்ளைப் பகுதி இழுப்பைத் தாங்க வல்லது. செம்பழுப்பான வைரமோ நெருக்கத்தைத் தாங்க வல்லது. ஆகவே முதுகில் வெள்ளையும் வயிற்றில் வைரமும் அமையும்படி, இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்தே கட்டை எடுக்கப்படுகிறது. பிறர் பசையிட்டு ஒட்டிப் பெற்றதை இம்மரம் வளர்ச்சியிலேயே பெற்றிருக்கிறது.

நேராகவும் நெருங்கிய வளையங்களுடனும் வளர்ந்த யூ மரம் இங்கிலாந்தில் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. எனவே 1472இல் நான்காம் எட்வர்டு மன்னர் காலத்தில், வில்கட்டை விளையும் நாடுகளிலிருந்து வரும் கப்பல்கள் டன் ஒன்றுக்கு நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் செய்தனர். சுங்கவரியை மரமாக வாங்கிய அரசு அது! இமயமலையிலும் யூ இனம் ஒன்று உண்டு. புற்றுநோய் மருந்துக்காக அதன் பட்டையும் இலையும் அளவிறந்து எடுக்கப்பட்டு, அழிவை எதிர்நோக்கும் மரங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. இப்பேச்சைப் படித்துவிட்டு எவரும் கோடரியுடன் மலையேற வேண்டா.

மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டுகிறார்கள். அடிமரத்தை வாளால் அறுப்பதில்லை. ஆப்பு வைத்துப் பிளக்கிறார்கள். வாள் தன் வழியே போகும். பிளவோ நாரின் வழியே போகும். நார் எப்பக்கம் திரும்புகிறது என்று கட்டையே சொல்லிவிடுகிறது. பிளந்த கட்டையின் இரு முனைகளுக்கும் மெழுகோ வண்ணமோ பூசி, வெயில் படாத இடத்தில் அடுக்கிவைக்க வேண்டும். முனை வழியாக ஈரம் விரைந்து வெளியேறினால் கட்டை வெடித்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருப்பது பழைய வழக்கம். வில் செய்யும் தொழிலில் பெரும்பகுதி காத்திருத்தலே எனலாம்.

உலர்ந்த கட்டையில் முதலில் வேலை செய்வது முதுகின்மேல். பட்டையை நீக்கி, வெள்ளைப் பகுதி தடித்திருந்தால் ஏறக்குறைய கால் அங்குலம் ஆகுமட்டும் குறைக்கிறார்கள். அப்படிக் குறைக்கும்போது ஒரே ஆண்டு வளையத்தைத் தலைமுதல் கால்வரை தொடர்ந்து செல்ல வேண்டும். கட்டை நெளிந்திருந்தால் வில்லின் முதுகும் நெளிந்தே இருக்கட்டும். அழகுக்காக அதை நேராக்கினால் நார்கள் அறுபடும். அறுபட்ட நார் இழுப்பைத் தாங்காமல் அங்கே சிம்பு எழும்பும். பிறகு வில்லே முறியும். கணு இருக்குமிடத்தில் சுற்றிலும் சிறிது மேடு விட்டுவைப்பதும் இதனாலேயே.

இவ்வுண்மையை நாம் நூலில் படிப்பதற்கு முன்பே பட்டறிந்தோம். பள்ளி நாடகத்துக்கு இராமன் கையில் கொடுக்க மூங்கில் வில் ஒன்று செய்தோம். மூங்கிலின் உறுதியான நார்கள் அதன் புறத்தோலை ஒட்டியே அடர்ந்திருக்கின்றன. நாமோ, வண்ணம் பூச வழவழப்பாக இருக்கட்டும் என்று அத்தோலை ஒழுங்காகச் சீவி எடுத்துவிட்டோம். மேடையில் நாணை இழுத்ததும் வில் படீரென்று இரண்டாயிற்று. சீதா கலியாணமாக இருந்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அன்று நடந்ததோ வாலிவதம்.

முதுகு முடிந்தபின், கோடரியாலும் இரு கைப்பிடிகள் உள்ள இழுப்புக்கத்தியாலும் பக்கங்களையும் வயிற்றையும் செதுக்கி உருவம் தருகிறார்கள். நடுவில் தடித்து இரு முனைகளை நோக்கி மெலியும் உருவம் அது. இந்த நிலையிலேயே நின்றுபோன வில் ஒன்று இன்றும் இருக்கிறது. 1991இல் ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறையில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முன் இறந்த ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டதல்லவா? அவனருகே ஆறடி நீளமுள்ள யூ மர வில் ஒன்று சாத்தப்பட்டிருந்தது. செதுக்கிய வெட்டுத் தடங்கள் அதன்மேல் அப்படியே இருக்கின்றன. நாண் மாட்டும் வெட்டு இல்லை. தேய்த்து வழவழப்பாக்கவும் இல்லை. அவனுடைய அம்பறாத்தூணியில் இருந்த பதினான்கு அம்புகளில் முடிந்தவை இரண்டே. முதுகில் அம்பு பாய்ந்து இறந்த அவனுக்கு வேலையை முடிக்க நேரம் இருக்கவில்லை.

அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதே தொழிலின் கடினமான பகுதி. இதற்கு ஆங்கிலத்தில் டில்லரிங் என்று பெயர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாம் இச்சொல்லிடம் ஒருமுறை தோற்றிருக்கிறோம். வில்வித்தை பற்றிய ஒரு குறிப்பைத் தமிழாக்கும்போது, டில்லர் என்றால் உழுபவன் என்ற பொருளே முன்னால் வந்தது. வீரரை வில்லாகிய ஏரால் உழுபவர் என்று கூறும் மரபும் நம்மிடம் உண்டாகையால், 'வில்லுழவு' என்று துணிந்து எழுதிவிட்டோம். மேலதிகாரி அதன்மேல் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, 'எத்தனை காணி?' என்று கேட்டிருந்தார். உண்மையில் டில்லர் என்பது வில்லை வைத்து இழுத்துப் பார்க்கும் ஒரு கட்டை. வளைவு திருத்தல் என்று சொன்னால் போதும்.

முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் கைவைத்து அழுத்தி, வளைகிறதா என்று பார்க்கிறார்கள். பின் நீண்ட தளர்ந்த நாண் ஒன்றை மாட்டி, சுவரில் பொருத்திய கட்டையில் வில்லின் நடுவை அமர்த்தி, கப்பி வழியாகக் கயிற்றை இழுத்தபடி தள்ளி நின்று பார்க்கிறார்கள். இரு கைகளும் ஒத்து வளைய வேண்டும். நெடுவில்லில் பிடியும் சிறிது வளைவதால், முழு வில்லும் ஒரே வட்டத்தின் துண்டுபோல் தோன்ற வேண்டும். எங்கே வளையாமல் விறைத்து நிற்கிறதோ அங்கே கரிக்கோலால் குறியிட்டு, வயிற்றுப் பக்கத்தில் மட்டும் சுரண்டுகிறார்கள். முதுகின்மேல் இப்போது கத்தி படலாகாது. சுரண்டியபின் இருபது முப்பது முறை மெல்ல இழுத்துவிட்டு மீண்டும் பார்க்கிறார்கள். முடிவில் வேண்டும் இழுவிசை ஐம்பது இராத்தலாயின், எக்கட்டத்திலும் ஐம்பதுக்கு மேல் இழுப்பதில்லை.

இங்கே பொறுமை தேவைப்படுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வில்லின் விறைப்பும் பத்தில் ஒரு பங்கே குறையும். தடிப்பில் அதே அளவு குறைந்தாலோ, விறைப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஏனெனில் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. காகிதத்தின் கனமுள்ள சீவல்கூட இங்கே கணக்கில் வரும். ஓரிடம் அளவுக்கு மேல் மெலிந்துவிட்டால் வளைவெல்லாம் அங்கேயே சென்று கூடி, கீல் வைத்ததுபோல் மடியும். நெருக்குண்ட வயிற்றில் குறுக்கே மயிரிழை போன்ற கோடுகள் தோன்றினால் வில் நோயுற்றது என்று பொருள். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. மற்ற இடங்களையெல்லாம் அந்த மெலிந்த இடத்துக்குச் சமமாகக் குறைப்பது ஒன்றே வழி. எழுபது இராத்தல் வில் நாற்பது இராத்தல் வில்லாக முடிவது இப்படித்தான். அதுவும் வில்தான், சிறுவர் கைக்கு ஆகும்.

வளைவு திருந்தியபின் உள்ள வேலைகள் இனியவை. முனைகளைக் கூம்பாகச் சீவி, உள்ளே குடைந்த மாட்டுக்கொம்பைத் தொப்பிபோல் செருகி ஒட்டுகிறார்கள். நாண் மாட்டும் வெட்டு அக்கொம்பில் இருக்கும். தமிழில் அவ்வெட்டுக்குக் குதை என்ற பழஞ்சொல் ஒன்று உண்டு. இவ்விடத்தில் நாம் தோற்கவில்லை. நாண் அக்காலத்தில் சணல், ஆளி முதலிய நாரால் திரித்து மெழுகிட்டது. நாணேற்றிய வில்லின் பிடியில் முட்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால், விரல் நுனி நாணைத் தொட வேண்டும் என்பது பழைய அளவு.

பின்னர்க் கத்தித் தடங்களைத் தகட்டால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, எலும்புத் துண்டாலோ கண்ணாடியாலோ அழுத்தி உராய்ந்து மெருகேற்றுகிறார்கள். ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றி, இறுதியில் தேன்மெழுகு பூசுகிறார்கள். மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545இல் ராஜர் ஆஸ்கம் என்னும் கல்விமான் வில்வித்தை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மெழுகிட்ட கம்பளித் துணியால் வில்லைத் தினமும் பளபளக்கும்படி தேய்க்க வேண்டும் என்று அதில் கூறியிருக்கிறார். துணியின் உராய்வால் மெழுகு இளகி மரத்தின்மேல் சீராகப் பரவுகிறது. நாள்தோறும் விரல்கள் மரத்தின்மேல் போய்வருவதால், எழும்பத் தொடங்கிய சிம்பு ஒன்றும் கண்ணுக்குத் தெரியுமுன்பே கைக்குத் தெரிந்துவிடுகிறது. எய்து முடித்ததும் நாணை இறக்கி, வில்லைச் சுவரில் சாய்த்து வைக்காமல் இரு ஆணிகளின்மேல் கிடையாக வைக்க வேண்டும். அம்பு தொடுக்காமல் வெறும் நாணை இழுத்துவிடுவதை மட்டும் விளையாட்டாகக்கூடச் செய்யலாகாது. அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் திரும்பி வில்லின்மேலேயே விழும்.